ரோஜாப்பூத் தட்டுகள்

மஸ்கட்
2 ஆகஸ்ட் 1999

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி ஓஸ்வால்டுக்கு அக்கா பிரிஸில்லா எழுதுவது. நான் இங்கே சுகம், வெயில்தான் ஆளைக் கொல்கிறது. நீ, ஜெசிந்தா, பிள்ளைகள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னம்மாவின் மூட்டுவலிக்கு அனுப்பிய மருந்தைத் தேய்த்துக்கொள்கிறாளா, அல்லது பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளா?

ஃபாக்டரி மூடியதிலிருந்து நீ வீட்டைவிட்டு வெளியே கிளம்புவதே இல்லை என்று ஜெசிந்தா எழுதியிருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சுவரா வேலை கொடுக்கும்? எனக்காக ஒன்று செய். மாதா கோயிலில் கொடியேறப் போகிறது. சிவாஜிநகரில் இறங்கி, மார்க்கெட் வழியாகக் கோயிலுக்குப் போய், அங்கிருந்து கிளீவ்லண்ட் டவுனில் சின்னம்மா வீடுவரைக்கும் நடந்து போ. கண்ணில் பட்டதையெல்லாம் எழுது. யார் செத்தார், யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் வேண்டாம், அதை ஜெசிந்தா எழுதுவாள். எந்தக் கட்டடம் அப்படியே இருக்கிறது, எந்தக் கடையில் என்ன வேகிறது, அதை எழுது.

எனக்கு வார்டு விட்டால் ஹாஸ்டல், ஹாஸ்டல் விட்டால் வார்டு. அம்மா போன பிறகு சின்னம்மா நம்மை வளர்த்த அந்த வீட்டுக்கு உன் காலால் ஒரு தடவை நானும் போய் வருகிறேன்.

பிள்ளைகளுக்கு முத்தம். சின்னம்மாவுக்கு என் தோத்திரம் சொல்.

உன் அக்கா
பிரிஸில்லா


நீலசந்திரா, பெங்களூர்
12 செப்டம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மாதா புண்ணியத்தில் எல்லாரும் சுகம். சின்னம்மா மருந்தைத் தேய்க்கிறாள், ஆனால் சும்மா பேர் பண்ணுவதற்கு ஒரு சொட்டு.

நீ சொன்னபடி நடந்தேன். சிவாஜிநகரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் வேலை மூக்குக்குத்தான். ஒரு பக்கம் கறிக்கடை, ஒரு பக்கம் மல்லிப்பூ, நடுவில் டீசல் புகை. ரஸல் மார்க்கெட் வளைவுக்குக் கீழே எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அண்ணாந்து பார்த்தது இப்போதுதான். மேலே புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. கீழே ஒரு பாய் வெற்றிலையைத் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டே உருதுவில் ஒருத்தரோடும் தமிழில் ஒருத்தரோடும் கன்னடத்தில் ஒருத்தரோடும் சண்டை போட்டார். கோயில் வாசலில் காவிச் சேலை கட்டிய பெண்கள் கூட்டம். அதைத் தாண்டி நாராயண பிள்ளை தெருவில் மரத்தூண் வைத்த குறுகலான வீடுகள் இன்னும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.

மார்க்கெட் வாசலில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்த ஒரு டச்சுக்காரர் வழி கேட்டார். எனக்கும் வேலை இல்லையே, கூடவே நடந்தேன். கிளீவ்லண்ட் டவுன் வந்ததும் மனுஷன் நின்றுவிட்டார். பங்களா ஜன்னல்களுக்கு மேலே கூராக நீட்டிக்கொண்டிருக்கும் மரக் கூரை இருக்கிறதே, நாம் மங்கி டாப் என்போமே, அதை அவர் பார்த்ததே இல்லையாம். சின்னம்மா வீட்டு மங்கி டாப்பில் ஒரு மரச்சட்டம்கூட இன்னும் உடையவில்லை.

நாங்கள் கேட் அருகில் நிற்பதைப் பார்த்து அவள் வெளியே வந்தாள். "யாருடா வால்டு இது, உன் சிநேகிதரா? வாசல்லயே நிக்க வெச்சிக்கினு கீற, உள்ள கூட்டிக்கினு வா" என்றாள். நானும் ஆமாம் என்றேன். அவரை ஹாலில் உட்காரவைத்து, பீரோவைத் திறந்து, அந்த ரோஜாப்பூத் தட்டை எடுத்தாள். ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். அவர் ஏப்பம் விடும்வரை பக்கத்திலேயே நின்றாள். கேட் வரைக்கும் வந்து "மறுபடியும் வாங்க" என்று வழியனுப்பினாள். எனக்கு வழக்கம்போல அடுப்பங்கரைப் பலகையும் ஓரம் பெயர்ந்த எனாமல் தட்டும்தான்.

வெகுநாள் கழித்து அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

அன்புத் தம்பி
ஓஸ்வால்ட்


மஸ்கட்
10 அக்டோபர் 1999

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். சளி, காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தை ஹாஸ்டலில் எல்லாருக்கும் உரக்கப் படித்தேன். மலையாளத்து மேரிக்குட்டிகூட அந்த வெற்றிலைக்காரரைக் கேட்டுச் சிரித்தாள்.

ரோஜாப்பூத் தட்டா? டச்சுக்காரர் கொடுத்துவைத்தவர். கோயிலில் முதல் நன்மை வாங்கிய என் புதுநன்மை அன்று அதில் சாப்பிட வேண்டும் என்று நான் அழுதது உனக்கு நினைவிருக்காது. "அது ஊராருக்கு. வூட்டுப் புள்ளைங்களுக்கு அடுப்பங்கரைதான்" என்று சொல்லிவிட்டாள். பங்குச்சாமியும் சம்பந்தி வீட்டாரும் ஹாலில் சாப்பிட, நாம் அடுப்புப் பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்போது கோபமாக இருந்தது. இங்கே மெஸ்ஸில் பீங்கான் தட்டில் சாப்பிடும்போதெல்லாம் அந்த எனாமல் தட்டுதான் ஞாபகம் வருகிறது.

இன்னும் நட, இன்னும் எழுது. எல்லாருக்கும் என் அன்பு.

அக்கா
பிரிஸில்லா


நீலசந்திரா
16 ஜனவரி 2000

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருஷ வாழ்த்து. நாங்கள் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஓய்வே இல்லை.

டச்சுக்காரர் தன் ஆபீஸில் சொல்லியிருக்கிறார். வாராவாரம் ஐந்தாறு பேர் வருகிறார்கள். மார்க்கெட்டில் தொடங்கி, கோயில், மீனாட்சி கோயில் தெரு, பழைய வீடுகள் என்று காட்டிக்கொண்டே வந்து சின்னம்மா வீட்டில் முடிப்பேன். வெள்ளைக்காரன் குளிர்காயக் கட்டிய கணப்பில் அவள் மாதா சுரூபம் வைத்து விளக்கேற்றியிருப்பதை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நான் பேசப் பேச அவர்கள் வாய் பிளந்து கேட்பதைப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம்.

சின்னம்மாவுக்குச் சனிக்கிழமை வந்தால் கால் தரையில் நிற்பதில்லை. அரிசி ஊறவைக்கிறாள், தேங்காய் துருவுகிறாள், தானே சிவாஜிநகர் போய் ஆட்டுக்கால் பார்த்து வாங்குகிறாள். "எம் புள்ளைக்கு வேல பூட்ச்சேன்னு கவலப்பட்டேன், எத்தினி பெரிய மனுசங்க சிநேகிதம் புட்ச்சிக்கீறான் பாரு" என்று எதிர்வீட்டுச் சந்திரம்மாவிடம் சொல்கிறாள்.

ஒரு வேடிக்கை. போன வாரம் ஒரு அம்மாள் கிளம்பும்போது சின்னம்மா கையில் ஒரு நோட்டை வைத்து அழுத்தினாள். இவள் அதை அந்தோணியார் உண்டியலில் போட்டுவிட்டு, "இன்னா பக்தி பாருடா அந்தம்மாவுக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. நீ அதற்கு அனுப்ப வேண்டாம்.

தம்பி
ஓஸ்வால்ட்


மஸ்கட்
20 பிப்ரவரி 2000

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உண்டியல் கதைக்கு நானும் சிரித்தேன். பிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன். கான்வென்ட் தையல் அறையில் ஊசி பிடித்த சின்னம்மாவுக்கு என்ன பென்ஷன் வரும் என்று உனக்குத் தெரியும். வாரம் ஐந்தாறு பேருக்கு ஆட்டுக்கால் பாயா எப்படிச் சமைக்கிறாள்? செலவுக்கு நீ கொடுக்கிறாயா? நீ அதை எழுதவில்லை. ஃபீஸுக்கு எங்கிருந்து வந்தது என்றும் எழுதவில்லை. வேலை ஏதாவது கிடைத்ததா?

நர்ஸுக்கு நோயாளி சொல்வதைவிடச் சொல்லாததுதான் முதலில் காதில் விழும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, பதில் எழுது.

அக்கா
பிரிஸில்லா


நீலசந்திரா
21 மே 2000

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

மார்ச் மாதம் ஒரு இங்கிலீஷ் பேப்பர்க்காரப் பெண் எங்களோடு நடந்தாள். பழைய கண்டோன்மெண்ட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, சின்னம்மா ஹாலில் ஆப்பம் பரிமாறும் படத்தையும் போட்டாள். சின்னம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. படத்தை மட்டும் வெட்டித் திரு இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள்.

அந்தப் பேப்பர் எப்படியோ மெல்போர்ன் வரைக்கும் போய்விட்டது. வீட்டுக்கார கேத்தரின் அம்மாவின் மகன் டிரேவர் கையில் கிடைத்திருக்கிறது. கேத்தரின் அம்மா இருந்தவரை "நீ இருக்கிறவரைக்கும் இது உன் வீடு, அல்போன்சா" என்று சின்னம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் இல்லையா, எல்லாம் வாய்ப்பேச்சு. குடியிருக்கக் கொடுத்த வீட்டில் ஹோட்டல் நடத்துகிறாள், காலி செய்ய வேண்டும் என்று டிரேவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். வாடகைக்கு விட்ட வீட்டில் வியாபாரம் செய்தால் வெளியேற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். நம் கோயில் தெருவில் இருக்கும் வக்கீல் சுந்தரமூர்த்தி பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

"ஓட்டலா? எவன் சொன்னது? எம் புள்ளையோட சிநேகிதருங்களுக்குச் சோறு போட்டா ஓட்டலா?" என்று அவள் தெருவே கேட்கும்படி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நடையை நிறுத்திவிட்டேன்.

பேப்பர்க்காரி ஏதோ கண்டபடி எழுதியதால் வந்த வினை.

தம்பி
ஓஸ்வால்ட்


மஸ்கட்
11 ஜூன் 2000

தம்பி ஓஸ்வால்டுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

பேப்பர்க்காரி என்ன எழுதினாள்? வந்தவர்கள் உனக்குப் பணம் கொடுத்தார்களா? சின்னம்மாவுக்கு அது தெரியுமா? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் சொல்.

பிரிஸில்லா


நீலசந்திரா
29 அக்டோபர் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டு நான் எத்தனை கடிதம் எழுதிக் கிழித்தேன் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஆமாம், கொடுத்தார்கள். தலைக்கு இவ்வளவு, காலை உணவு உட்பட என்று நான்தான் விலை வைத்தேன். பேப்பர்க்காரி உள்ளதைத்தான் எழுதினாள், என் போன் நம்பரோடு. சின்னம்மாவுக்குத் தெரியாது. பாயாவுக்குக்கூட நான் ஒன்றும் கொடுத்ததில்லை.

முதல் தடவை டச்சுக்காரர் வற்புறுத்திக் கொடுத்தார். அதில் பாதியை அவளிடம் கொடுக்கத்தான் போனேன். "சிநேகிதரு நல்லா சாப்ட்டாராடா?" என்று கேட்டாள் பார், அந்த முகத்துக்கு முன்னால் காசை நீட்ட முடியவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு அதுவே பழகிவிட்டது. வேலை போனவனை ஒருத்தரும் மதிக்காத காலத்தில் அவள் என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டாள். காசைவிட அதை விட மனசு வரவில்லை. இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. காசையும் நான் விடவில்லை.

கேஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. சுந்தரமூர்த்தியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். நோட்டீஸை எடுத்து மறுபடி படித்துவிட்டு, "இதுதாம்ப்பா அந்தம்மாவைக் காப்பாத்தும்" என்றார். பணம் வாங்கியது நான், அவளுக்கு எதுவும் தெரியாது என்று நான் கூண்டில் ஏறிச் சொன்னால், வியாபாரம் செய்தது அவள் இல்லை என்று ஆகிவிடும். வீடு தங்கும்.

சிநேகிதர்கள் என்றே சத்தியம் செய்துவிடவா என்று கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். காசு கொடுத்தவர்கள் இரண்டு பேரை அந்தப் பக்கத்து வக்கீல் பிடித்து வைத்திருக்கிறாராம். நான் சொல்லாவிட்டால் சின்னம்மாதான் ஏறிப் பைபிள்மேல் கை வைத்து, எல்லாரும் எம் புள்ளையோட சிநேகிதருங்கதான் என்று சொல்வாள். ஊர் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடுவார்கள். என்னை நம்பியதற்கு அவளுக்கு அந்தப் பேர்.

என்ன செய்யட்டும் அக்கா?

ஓஸ்வால்ட்


மஸ்கட்
19 நவம்பர் 2000

ஓஸ்வால்டுக்கு,

உன்னைத் திட்டி எழுதியதைக் கிழித்துப் போட்டேன். உன்னை நடக்கச் சொன்னவள் நான். உண்டியல் கதையைப் படித்துச் சிரித்தவளும் நான். என் பங்கும் இருக்கிறது.

கூண்டில் ஏறுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதே. ஏறு. ஆனால் அதற்கு முன்னால் அடுப்பங்கரையில் உட்கார்ந்து உன் வாயால் அவளிடம் சொல்லிவிடு. அடிக்கட்டும், கரண்டியைத் தூக்கி எறியட்டும். வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள் இருக்கும். கோர்ட்டில் அந்நியர் நடுவில் அவள் அதை முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் செய்.

நீ நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா
பிரிஸில்லா


நீலசந்திரா
6 மே 2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி? நாங்கள் இருக்கிறோம். முதலில் நல்ல செய்தி. போன மாதம் கேஸ் தள்ளுபடியாகிவிட்டது. வீடு சின்னம்மாவுக்கே. மங்கி டாப்பைப் பிரித்து விற்க ஆள் பேசிவைத்திருந்தார்களாம், அதுவும் நின்றது.

நீ சொன்னதை நான் செய்யவில்லை.

செய்யாமல் இருக்க நினைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் போனேன், பிறகு பொங்கலுக்குப் போனேன், சாட்சிக்கு முந்தின நாளும் போனேன். ஒவ்வொரு தடவையும் பின்கதவு வழியாக நுழைந்து பலகையில் உட்காருவேன். நான் வாய் திறப்பதற்குள் எனாமல் தட்டில் ஆப்பம் விழும். "மொதல்ல துண்ணு. வக்கீலாண்ட அலைஞ்சி அலைஞ்சி எளச்சிப் பூட்ட" என்பாள். நான் தின்றேன். தின்றுவிட்டு எழுந்து வந்தேன்.

கோர்ட்டில் அவள் முதல் பெஞ்சில் ஜபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் கூண்டில் ஏறியதும் தைரியமாக இரு என்பதுபோல் தலையை ஆட்டினாள். ஜட்ஜ் கன்னடத்தில் கேட்டார். இங்கிலீஷில் கேட்டிருந்தால் அவளுக்குப் புரியாமல் போயிருக்குமே என்று அந்த நேரத்திலும் என் புத்தி போனது. வந்தவர்கள் யார் என்று கேட்டார், சொன்னேன். பணம் யார் வாங்கியது என்று கேட்டார், நான் என்றேன். சமைத்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அவருக்குத் தெரியுமா என்றார். என் சிநேகிதர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன் என்றேன். ஜபமாலை மணி நகரும் சத்தம் நின்றதா, அல்லது எனக்குத்தான் காது அடைத்ததா, தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பெண்கள் சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். கிளீவ்லண்ட் டவுனில் அவளாகவே இறங்கிப் போய்விட்டாள். நான் கூப்பிட்டேன். காது கேட்காதவள்போல் நடந்தாள். தீர்ப்பு வந்த அன்றும் சுந்தரமூர்த்திக்குத்தான் நன்றி சொன்னாள்.

இன்று காலை ஆறு மணிப் பூசை முடிந்து, எப்படியும் போய்க் காலில் விழுந்துவிடுவது என்று போனேன். பின்கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. அந்தக் கதவுக்குத் தாழ் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து மணி அடித்தேன்.

கதவைத் திறந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள்.

யாரோ என் பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன் அக்கா. யாரும் இல்லை.

ஹாலில் மேசைமேல் பின்னல் விரிப்பு போட்டிருந்தது. நாற்காலியை இழுத்து விட்டாள். பீரோவைத் திறந்து ரோஜாப்பூத் தட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து என் முன்னால் வைத்தாள். ஆப்பம் வைத்தாள், பாயா ஊற்றினாள். "சின்னம்மா, நான் பண்ணினது" என்று தொடங்கினேன். "ஆறிப் போறதுக்குள்ள சாப்புடுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காலைப் பிடித்திருப்பேன். பக்கத்திலேயே நின்று, "இன்னொன்னு வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். திறந்திருந்த கதவு வழியாக அடுப்பங்கரை அலமாரியில் என் எனாமல் தட்டு கவிழ்த்து வைத்திருப்பது தெரிந்தது. அன்று நீ அழுது கேட்ட தட்டில்தான் இன்று நான் சாப்பிட்டேன். ஒரு வாய்கூட ருசி தெரியவில்லை.

கிளம்பும்போது, முட்டி வலியோடு, கேட் வரைக்கும் கூடவே வந்தாள். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "மறுபடியும் வாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவேன். முதலில் பின்கதவைத் தள்ளிப் பார்ப்பேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். மூட்டுவலி மருந்து தீர்ந்துவிட்டதாம், ஜெசிந்தாவிடம் சொல்லியிருக்கிறாள். அனுப்பினால் அவள் பேருக்கே அனுப்பு, என் மூலமாக வேண்டாம்.

தம்பி
ஓஸ்வால்ட்